கோட்டுக்கு உள்ளே போன வீடு

1

இந்தக் கதையை எழுதச் சொல்லி என்னைக் கேட்டவர், இந்தக் கதைக்குள் வருகிறவர்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டு எழுதுவிக்கப்படும் எழுத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. கலியாண வாழ்த்தும் அஞ்சலிக் கவிதையும் அப்படித்தான் எழுதப்படுகின்றன. இரண்டிலும் பொய் சொல்லாமல் தப்ப முடியாது. ஆனாலும் எழுதுகிறேன்.

என் பெயர் ஷாமினி. நல்லூரில் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் தமிழ் படிப்பிக்கிறேன், மிச்ச நேரத்தில் சிறுகதை எழுதுகிறேன். கல்வி நிலையத்துக்கு எதிர்வீட்டின் கீழ்ப்பகுதியை வாடகைக்கு எடுத்து ஒருவர் தனியே இருக்கிறார். மேஜர் ஜெனரல் ஏர்னெஸ்ட். எழுபத்தைந்து வயது தாண்டியவர். ஓய்வுபெற்றவர். தமிழர். இலங்கை இராணுவம். யாழ்ப்பாணத்தில் இருந்து வாசிப்பவர்கள் இந்தக் கடைசி நான்கு துண்டுகளையும் இரண்டாம் தரம் வாசித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

“ஜெனரல் காலையில் தன் சப்பாத்துகளைத் தானே மினுக்குவார்.” வேண்டாம். இராணுவக்காரர் என்றதும் சப்பாத்தில் தொடங்குவது சோம்பல். அவர் இறப்பர் செருப்புத்தான் போடுகிறார்.

“எதிரியின் சீருடையில் ஒரு தமிழன்” (இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. யாருக்கு எதிரி என்று அடுத்ததில் சொல்லவேண்டி வரும். அதற்குள் பாதி வாசகர்கள் ஒரு வாசலாலும் மீதிப்பேர் மற்ற வாசலாலும் எழும்பிப் போய்விடுவார்கள்.)

“அவர் பாண் வாங்கப் போனால் கடையில் கதை நின்றுவிடும்.”

இது நான் கண்ணால் கண்டது. இதிலிருந்தே தொடங்குகிறேன்.

2

அவர் பாண் வாங்கப் போனால் கடையில் கதை நின்றுவிடும். யாரும் முகம் சுழிப்பதில்லை. “சேர், றோஸ் பாணோ, அச்சுப் பாணோ?” என்று மரியாதையாகக் கேட்பார்கள். சுற்றிக் கொடுப்பார்கள். அவர் றோட்டைக் கடந்து படலையைச் சாத்தும்வரை ஒருவரும் வாய் திறப்பதில்லை. சாத்தியபிறகு, கதை விட்ட இடத்திலிருந்து தொடரும். ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சிலும் அப்படித்தான். அவர் இருக்கும் நீள வாங்கில் இன்னும் நான்கு பேர் இருக்கலாம். யாரும் இருப்பதில்லை. ஆராதனை முடிய எல்லோரும் அவருக்குக் கைகொடுக்கிறார்கள். வீட்டுக்கு வாருங்கள் என்று ஒருவர்கூடச் சொல்லிக் கேட்டதில்லை.

அவருடைய தகப்பன் மிஷன் பள்ளிக்கூடமொன்றில் கணித ஆசிரியர். மகன் எஞ்சினியராக வரவேண்டும் என்று ஆசைப்பட்டார். மகனுக்குப் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. இருபது வயதில் இராணுவத்தின் பொறியியல் பிரிவில் பயிலுநர் அதிகாரியாகச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் அது றெயில்வேயில் சேர்வதுபோல ஓர் உத்தியோகம் என்றார். “பாலம் கட்டலாம் எண்டினம். நான் பாலம் கட்டத்தான் போனனான்.” கிழக்கில் வெள்ளம் வந்த வருடங்களில் கட்டிய பாலங்களைப் பற்றிச் சொல்லும்போது அவருக்கு முகமே மாறும்.

பிறகு எண்பத்துமூன்று வந்தது. கொழும்பு எரிந்த அந்த வாரத்தில் அவருடைய மனைவி ரேச்சலை ஒரு சிங்கள அதிகாரி தன் வீட்டு அறையில் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார். வேலையை விட்டுவிட்டு வெளிநாடு போவோம் என்று ரேச்சல் அழுதார். இவர் மாட்டேன் என்றார்.

“நானும் எழும்பிப் போனால், அந்த மேசையிலை எங்கடை ஆக்களுக்கு ஒரு கதிரையும் இருக்காதெண்டு நினைச்சன், ரீச்சர்.”

“கதிரை இருந்ததுதானே, சேர். அதிலை இருந்துகொண்டு என்ன சொன்னியள்?”

அவர் மறுபடி பாலங்களின் கதைக்குப் போய்விட்டார். நானும் இரண்டாம் தரம் கேட்கவில்லை.

மெல்ல மெல்லப் பாலங்கள் குறைந்து வரைபடங்கள் கூடின. தலைமையகத்தில் திட்டமிடல் பிரிவு. பதவி உயர்வுகள். ஓய்வுக்குப் பிறகு தேசிய பாதுகாப்புக் கொள்கைக்கான ஆலோசகர் குழு ஒன்றில் பத்து வருடம். வெளிநாடுகளில் மாநாடுகள். இராணுவம் பிடித்த காணியைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் நம்பிக்கை வரும், நம்பிக்கை வந்த பிறகு கொடுப்போம் என்று இருந்தால் இரண்டும் நடக்காது என்று ஒரு கொள்கை அறிக்கை எழுதினாராம். குழுவில் பாராட்டினார்கள், தேத்தண்ணி கொடுத்தார்கள், அறிக்கையை அலுமாரியில் வைத்தார்கள். கொழும்பில் அவர் தமிழர். யாழ்ப்பாணத்தில் அவர் ஆமி. ரேச்சல் இறந்து கொழும்பில் அடக்கம். மகன் டிலான் மெல்பேணில். கிறிஸ்மசுக்கு வீடியோவில் வருவான்.

(இந்த ஆளை எனக்குப் பிடித்திருக்கிறதா என்று இங்கே என்னையே கேட்டுப் பார்த்தேன். தெரியவில்லை. சில பின்னேரங்களில் பிடிக்கும். சில பின்னேரங்களில், என் சித்தப்பாவின் பெயரைச் சொல்லி, அவர் எந்தச் சோதனைச்சாவடியோடு காணாமல்போனார் என்று கேட்கவேண்டும்போல இருக்கும். கேட்டதில்லை. அது வேறு கதை. இதற்குள் அதை இழுத்தால் இந்தக் கதை என்னுடையதாகிவிடும்.)

3

தன் நினைவுக்குறிப்புகளைத் தமிழில் எழுத உதவி கேட்டுத்தான் அவர் முதலில் வந்தார். ஆங்கிலத்தில் எழுதி முடித்திருந்தார். “என்ரை தமிழ் எழுபதாம் ஆண்டோடை நிண்டுபோச்சு” என்றார். வகுப்பு முடிந்த பின்னேரங்களில் அவர் வீட்டு விறாந்தையில் இருந்து வேலை செய்தோம்.

பாலங்களைப் பற்றிய பகுதி உயிரோடு இருந்தது. நான் கட்டினேன், நான் கணக்கில் பிழைவிட்டேன், நான் ஆற்றுக்குள் விழுந்தேன் என்று எல்லாவற்றிலும் ஆள் இருந்தார். தொண்ணூறுகளின் நடுப்பகுதிக்கு வந்ததும் வாக்கியங்களிலிருந்து ஆள் காணாமல்போனார். எல்லை தீர்மானிக்கப்பட்டது. மக்கள் அப்புறப்படுத்தப்பட்டனர். வலயம் விரிவாக்கப்பட்டது.

நான் பேனையை வைத்தேன். “சேர், உதெல்லாம் செயப்பாட்டு வினை. உதைச் செய்வினையா மாத்தத்தான் நான் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறனான். எல்லை ஆராலை தீர்மானிக்கப்பட்டது?”

“குழுவாலை.”

“குழுவிலை பென்சிலைப் பிடிச்சது ஆர்?”

கெட்டித்தனமாகக் கேட்டுவிட்டதாக எனக்கு ஒரு சந்தோசம். அது அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

“நான்தான்,” என்றார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உயர் பாதுகாப்பு வலயம் என்றால் பெரிய முகாம் ஒன்றைச் சுற்றிப் போடப்படும் கோடு. கோட்டுக்கு உள்ளே சனம் இருக்க முடியாது. வீடு, தோட்டம், கிணறு, கோயில் எல்லாவற்றையும் விட்டு வெளியே வரவேண்டும். அச்சுவேலிக்கு வடக்கே ஒரு ஊர். (பெயரை எழுதவில்லை. எழுதினால் அந்த ஊரார் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டை இந்தக் கதையில் தேடுவார்கள்.) அந்த ஊரில் கோடு எந்த இடத்தால் போகவேண்டும் என்று கொழும்பில் ஒரு மேசையில் கூடிக் கதைத்தார்கள். அந்த ஊரின் ஒழுங்கைகளை நடந்து தெரிந்தவர் அந்த மேசையில் அப்போது பிரிகேடியராக இருந்த ஏர்னெஸ்ட் ஒருவர்தான். அது அவர் பிறந்த ஊர்.

“பெரிய றோட்டாலையும் போடலாம், பின்னாலை இருக்கிற ஒழுங்கையாலையும் போடலாம். பாதுகாப்புக்கு ரெண்டும் ஒண்டுதான். ஒழுங்கையாலை போட்டிருந்தால் எங்கடை வீடும் பக்கத்திலை கொஞ்ச வீடுகளும் வெளியிலை நிண்டிருக்கும்.”

“அதை அவையிட்டைச் சொன்னியளோ?”

“தலைமை தாங்கினவர் கேட்டவர். நல்ல மனுசன். ‘ஏர்னெஸ்ட், இதுக்குள்ளை உன்ரை சொத்து ஏதும் இருக்கோ?’ எண்டு. நான் ‘இல்லை, சேர்’ எண்டன். றோட்டாலை கோட்டைப் போட்டன்.”

தாய் அப்போது அந்த வீட்டில்தான் இருந்தார், இவருடைய தங்கை பொன்மலரோடு. செய்தி ஊருக்கு வந்ததும், தாய் யாழ்ப்பாணம் ரவுனுக்குப் போய், தொலைபேசிக் கடை ஒன்றில் வரிசையில் நின்று கொழும்புக்குக் கதைத்தார். “தம்பி, எங்கடை வீட்டை விட்டிட்டுக் கோட்டைப் போட ஏலாதோ? ஒருக்காக் கேட்டுப் பார் ராசா.”

“கேட்டுப் பாக்கிறன் அம்மா,” என்றார் மகன். அடுத்த முறை தாய் கதைத்தபோது, “கேட்டனான் அம்மா. ஏலாதெண்டிட்டினம்,” என்றார்.

அவர் யாரிடமும் கேட்கவில்லை.

ஏன் என்று நான் கேட்டேன். வெவ்வேறு பின்னேரங்களில் மூன்று காரணம் சொன்னார். முதலாவது: அரசாங்க மேசைக்குச் சொந்த வீட்டைக் கொண்டுபோகக் கூடாது. இது அவருடைய ஆங்கிலப் புத்தகத்தில் வரக்கூடிய பதில். இரண்டாவது: தமிழன் ஒருவன் தன் வீட்டுக்காகக் கோட்டை வளைத்தான் என்று வந்தால், அவன் அதுவரை சொன்ன எல்லாவற்றையும் சந்தேகப்படுவார்கள். இதை நான் நம்பினேன்.

மூன்றாவதை, மழை தூறிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், என்னைப் பாராமல் சொன்னார். “கேட்டு, அவை மாட்டம் எண்டு சொல்லியிருந்தால்? அவ்வளவு காலமும் நான் அவைக்கு ஆர் எண்டு தெரிஞ்சுபோயிருக்கும். எனக்கு அதைத் தெரியப் பயமா இருந்தது, ரீச்சர்.”

4

பொன்மலரைப் பற்றி எழுதும்போது என் கை கொஞ்சம் மென்மையாகிவிடுகிறது. கவனமாக வாசியுங்கள், நான் அவருக்குச் சார்பு.

அண்ணனைவிட எட்டு வயது இளையவர். தாதியாக இருந்து ஓய்வுபெற்றவர், கலியாணம் செய்யவில்லை. ஊரை விட்டு வெளியேறிய நாளிலிருந்து சண்டிலிப்பாயில் ஒரு பாதி வீட்டில் வாடகைக்கு இருந்தார். தாயைக் கடைசிவரை பார்த்தது அவர்தான். தாய் இறந்தபோது அண்ணன் கொழும்பிலிருந்து வந்தார், முன்னுக்கும் பின்னுக்கும் பாதுகாப்பு வண்டிகளோடு. படலையில் துப்பாக்கியோடு ஆமி நின்றதைக் கண்டு செத்தவீட்டுக்கு வந்த சனம் றோட்டோடு திரும்பிப்போனது. பெட்டியைத் தூக்க ஊர் ஆட்கள் போதவில்லை. சீருடைக்காரர் இரண்டு பேர் தூக்கினார்கள்.

அதையும் பொன்மலர் பொறுத்தார். அண்ணன் யாழ்ப்பாணத்துக்கே வந்து குடியிருக்கப்போகிறார் என்று தெரிந்ததும், நல்லூர் வாடகை வீட்டைக் கழுவித் துடைத்துவைத்தது அவர்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் எடுத்து வருவார். புட்டும் மீன்குழம்பும் கொண்டுவருவார். என்னைத் தவிர அந்தப் படலைக்குள் நுழைந்த ஆள் அவர் ஒருவர்தான். இரண்டு பேரும் அதிகம் கதைப்பதில்லை. அவர் குழம்பு காரம் என்பார், அவ இல்லை என்பா. (எழுத்துத் தமிழில் “அவர்” என்று எழுதிவந்தேன், கை தவறி “அவ” என்று விழுந்துவிட்டது. இருக்கட்டும்.)

ஒருநாள் என்னோடு படலைவரை நடந்துவந்தார்.

“பிள்ளை, அண்ணையைப் பற்றி ஆக்கள் கனக்கச் சொல்லுவினம். நான் எல்லாருக்கும் ஒண்டுதான் சொல்லுறனான். அவர் கேட்டவர். அவங்கள் குடுக்கேல்லை. பெத்த தாயின்ரை வீட்டைக் காப்பாத்தேலாமல் நிண்ட மனுசனிலை கோவிச்சு என்ன வரப்போகுது?”

எனக்கு அதற்குள் உண்மை தெரிந்திருந்தது. “ஓம் அன்ரி,” என்றேன்.

5

இங்கேதான் நான் இந்தக் கதையை எழுதாமல் விட இருந்தேன்.

“இதைப் புத்தகத்திலை போடேலாது,” என்றார் ஜெனரல். “நீங்கள் கதையா எழுதுங்கோ. பெயரை மாத்தினாலும் பரவாயில்லை. பொன்மலர் உங்கடை கதையளை வாசிக்கிறவ. விளங்கிக்கொள்ளுவா.”

அப்போதுதான் எனக்குத் திட்டம் தெரிந்தது. நேரே போகமுடியாத இடத்துக்கு வேறொரு பாதையால் போகிறார். நான் அந்தப் பாதை.

“சேர், முதல் நீங்கள் வாயாலை சொல்லுங்கோ. பிறகு எழுதுறன்.”

“சொன்னால் சனிக்கிழமை வரமாட்டா.”

எவ்வளவோ பேரை அனுப்பியும் இழந்தும் பழகிய ஒருவரின் குரல் அந்த ஒரு வாக்கியத்தில் உடைந்தது. நான் வீட்டுக்குப் போய்விட்டேன்.

நன்றாக யோசித்துப் பாருங்கள். எழுதாவிட்டால் என்ன குறைந்துவிடும்? வயது போன இரண்டு பேர் சனிக்கிழமைகளில் ஒன்றாக இருந்து புட்டுச் சாப்பிடுவார்கள். ஒரு பொய் அந்த மேசைக்குக் கீழே பேசாமல் கிடக்கும். எத்தனை குடும்பங்கள் அப்படி ஓடுகின்றன. உண்மைதான் பெரிது என்று சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் பிறகு தனியே இருக்கத் தேவையில்லாதவர்கள். நான் எழுதுவதில்லை என்று முடிவெடுத்தேன். நினைவுக்குறிப்பையும் பாலங்களோடு நிறுத்திவைத்தேன்.

அந்த முடிவைக் காணி விடுவிப்புக் குழப்பியது.

6

மாசி மாதத்தில் வலயத்தின் வேலியைப் பின்னுக்கு நகர்த்தினார்கள். ஊரின் அந்தப் பக்கத்தைச் சனம் போய்ப் பார்க்கலாம் என்று அறிவித்தல் வந்தது. பொன்மலர் காலையிலேயே நல்லூருக்கு வந்துவிட்டார். “அண்ணை, வெளிக்கிடுங்கோ. கல்லாவது மிஞ்சியிருக்கும், பாப்பம்.” ஜெனரல் தயங்கினார். என்னையும் வரச் சொன்னார். மூன்று பேரும் ஒரு ஓட்டோவில் போனோம்.

அங்கே வீடுகள் இல்லை. எருக்கலையும் நாயுருவியும் ஆள் உயரத்துக்கு நின்றன. சனம் அத்திவாரக் கல்லைத் தேடி, இது எங்கள் குசினி, இது உங்கள் மதில் என்று ஊகித்துக்கொண்டு நின்றது. சிலர் அழுதார்கள். பலர் கைபேசியில் வெளிநாட்டுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வெளிக்கு நடுவே ஒரே ஒரு வீடு நின்றது. ஓடு போட்டு, யன்னல் கண்ணாடி உடையாமல், இளம்பச்சை நிறத்தில். முற்றத்தில் கரப்பந்து வலைக்கு நட்ட இரண்டு கம்பிகள். அதிகாரிகளின் சாப்பாட்டு மண்டபமாக இருந்திருக்கிறது.

அது அவர்களுடைய வீடு.

(இதை நானாகக் கற்பனை பண்ணியிருந்தால் இந்த இடத்தில் அந்த வீட்டையும் இடித்திருப்பேன். அதுதான் நம்பும்படி இருந்திருக்கும். ஏன் அது மட்டும் தப்பியது என்று எனக்குத் தெரியாது. கல்வீடு, றோட்டுக்கரை, யாரோ ஒருவருக்கு வசதி. ஜெனரலுக்கும் தெரியாது, அவர் வாயைத் திறந்தபடி நின்றதை நான் பார்த்தேன்.)

பொன்மலர் சந்தோசத்தில் கத்திவிட்டார். “ஐயோ அண்ணை, நிக்குது! நிக்குது!”

அந்தச் சத்தத்துக்கு எல்லோரும் திரும்பினார்கள். பக்கத்துக் காணியில், இடுப்பளவு சுவர்த் துண்டு ஒன்றுக்கு அருகில் வேப்பமர நிழலில் நின்றவர் நடந்து வந்தார். கேதீஸ்வரன். வெங்காயத் தோட்டம் செய்கிறவர். இந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர். ஜெனரலைப் பார்த்தார், அவரோடு கதைக்கவில்லை.

“பொன்மலரக்கா, உங்கடை வீடு நல்லாத்தான் இருக்கு. பெயின்ற்கூட அடிச்சிருக்கினம்.”

“ஓம் தம்பி, கடவுள் செயல்.”

“கடவுளோ? உங்கடை அண்ணர் தன்ரை வீட்டை மட்டும் காப்பாத்தி வைச்சிட்டார் எண்டு சொல்லுங்கோவன்.”

“சும்மா சொல்லாதையும்!” பொன்மலருக்குக் கோபம் வந்தது. எத்தனையோ வருடம் பழகிய பதில் வாயில் வந்தது. “அவர் எங்களுக்காகக் கேட்டவர். கேட்டும் அவங்கள் குடுக்கேல்லை.”

“அதைத்தானே அக்கா நானும் சொல்லுறன். அவர் கேட்டபடியால்தான் உங்கடை வீடு நிக்குது. எங்கடை வீட்டுக்கு ஆர் கேட்டது?”

அண்ணனுக்காகப் பொன்மலர் இவ்வளவு காலமும் தூக்கிப்பிடித்த அதே வார்த்தை இப்போது அவருக்கு எதிராகத் திரும்பி நின்றது. அவர் தலை குனிந்தது. எல்லோருக்கும் முன்னால், எதையோ களவெடுத்துப் பிடிபட்டவர்போல.

“நான் கேக்கேல்லை, தம்பி.”

ஜெனரல்தான். குரலை உயர்த்தவில்லை.

“கோட்டை நான்தான் போட்டனான். பின் ஒழுங்கையாலை போட்டிருக்கலாம். உம்மடை வீடும் வெளியிலை நிண்டிருக்கும், எங்கடையும் நிண்டிருக்கும். உன்ரை சொத்து ஏதும் இருக்கோ எண்டு என்னட்டைக் கேட்டவை. இல்லை எண்டிட்டன். ஆருக்காகவும் நான் ஒண்டும் கேக்கேல்லை. உந்த வீடு ஏன் நிக்குதெண்டு எனக்குத் தெரியாது. பொன்மலருக்கு ஒண்டும் தெரியாது. அவவை ஒண்டும் சொல்லாதையும்.”

கேதீஸ்வரன் இப்போதுதான் நேரே அவரோடு கதைத்தார். “அப்ப நீங்கள் உங்கடை ஆக்களுக்கும் ஒண்டும் செய்யேல்லை.”

“இல்லை.”

“ம்.” கேதீஸ்வரனின் முகத்தில் என்ன இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. மன்னிப்பு அல்ல. ஆனால் கோபத்துக்குப் பிடி இல்லாமல் போய்விட்டது. “வெயிலுக்கை நிக்காமல் இஞ்சாலை வாங்கோ,” என்றார், வேப்பமரத்தைக் காட்டி. ஜெனரல் திரும்பிவந்த பிறகு ஒருவர் அவருக்குப் பக்கத்தில் இடம் விட்டது அதுதான் முதல் தரம்.

அவர் அந்தப் பக்கம் போகவில்லை. தங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அம்மாவுக்கு ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னனீங்கள்?”

“அவவின்ரை மனம் நோகுமெண்டு.”

“இல்லை. கேட்டனான் எண்டால் அவ உங்களிலை கோவிக்கமாட்டா எண்டு.”

அண்ணன் ஒத்துக்கொண்டார்: “ஓம்.”

“சாகேக்கையும் சொன்னவ. ‘தம்பியைக் குறை சொல்லாதை, அவன் கேட்டவன்’ எண்டு. நான் அதை நம்பித்தான் சண்டிலிப்பாயிலை ஒவ்வொரு வீட்டோடையும் சண்டை பிடிச்சனான்.” அவர் அழவில்லை. “நீங்கள் கேட்டு அவங்கள் தராமல் விட்டிருந்தால், அது ஆமி செய்தது. இது எங்கடை அண்ணை செய்தது.”

பொன்மலர் வீட்டுக்குள் போனார். சற்றுப் பொறுத்து உள்ளேயிருந்து யன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம் கேட்டது. நாங்கள் வெளியே நின்றோம். அவர் வரவில்லை. கடைசியில் நானும் ஜெனரலும் மட்டும் ஓட்டோவில் திரும்பினோம்.

7

அதன்பிறகு ஊரில் அவருக்கு நிலைமை கொஞ்சம் மாறியது. “தனக்கும் கேக்காத மனுசன்” என்ற கதை அவருக்கு முன்பே கடைகளுக்குப் போய்விட்டது. பாண்கடையில் இப்போது கதை நிற்பதில்லை, மெதுவாகிறது. கேதீஸ்வரன் ஒரு தரம் வந்து மரவள்ளிக்கிழங்கு கொடுத்துவிட்டுப் போனார். சனிக்கிழமைகளில் மட்டும் யாரும் வருவதில்லை. ஜெனரல் பாணும் சம்பலும் சாப்பிடுகிறார். ஊருக்கு முன்னால் அவரைக் காப்பாற்றிய அதே உண்மை, அவருக்கு இருந்த ஒரே ஆளைக் கொண்டுபோய்விட்டது.

இனி எனக்குக் கதையை எழுதத் தடையில்லை. முடிவுதான் வரவில்லை.

முடிவு ஒன்று: ஒரு சனிக்கிழமை பொன்மலர் பாத்திரத்தோடு வருகிறார், ஒன்றும் கதையாமல் மேசையில் வைக்கிறார். இதை அழகாக எழுதினேன். எழுதியபிறகு, இது நடக்கவேண்டும் என்று நான் ஆசைப்படுவது மட்டுமே இதில் இருக்கிறது என்று தெரிந்தது. கிழித்தேன்.

முடிவு இரண்டு: ஜெனரல் இறந்துபோகிறார், செத்தவீட்டில் (வேண்டாம். வயதானவரைச் சாகடித்துக் கதை முடிப்பதுபோல மலிவான வேலை வேறில்லை.)

முடிவு மூன்றை எழுதத் தொடங்கவே இல்லை. பேசாமல் ஆறாம் பகுதி வரைக்கும் எடுத்துக்கொண்டு பொன்மலரிடம் போனேன்.

அவர் இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முன் சுவரின் பச்சைப் பெயின்ற்றைத் தகட்டால் சுரண்டிக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து, முழுவதையும் வாசித்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

“ஒண்டு பிழை,” என்றார். “அம்மா வரிசையிலை நிண்டவ எண்டு எழுதியிருக்கிறீர். அவவுக்கு நிக்க ஏலாது. நான்தான் நிண்டனான். போனை அவவின்ரை காதிலை பிடிச்சது நான். அண்ணை சொன்னது எனக்குக் கேக்கேல்லை. அம்மா சிரிச்சது மட்டும் தெரிஞ்சது. ‘கேட்டவனாம் பிள்ளை’ எண்டு சிரிச்சவ. வீடு போச்சு, அதுக்கும் சிரிச்சவ.”

(மூன்றாம் பகுதியில் அந்தப் பிழையை அப்படியே விட்டிருக்கிறேன். ஜெனரலுக்கு அது அப்படித்தான் தெரியும். வரிசையில் தங்கை நின்றதை அவருக்கு யாரும் சொன்னதில்லை.)

“இதைப் பிரசுரிக்கட்டோ அன்ரி?”

“பிரசுரியும். சனம் வாசிக்கட்டும். ஆனால் முடிவை எழுதாதையும்.”

“ஏன்?”

“நான் மன்னிச்சிட்டன் எண்டு எழுதுவீர். இல்லாட்டி மன்னிக்கவே இல்லை எண்டு எழுதுவீர். உமக்குக் கதை முடியவேணும். எனக்கு அது இன்னும் நடக்கேல்லை, பிள்ளை. நடக்காததை எழுதாதையும்.” முடிவை எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். பிறகு, தகட்டை எடுத்துக்கொண்டு எழும்பும்போது சொன்னார்: “நான்தான் எப்பவும் பஸ் ஏறினனான். அதையும் எழுதும்.”

8

எழுதிவிட்டேன்.

பொன்மலரிடம் போய்த் திரும்பிவந்த அன்று பின்னேரம் ஜெனரல் கல்வி நிலையப் படியடிக்கு வந்தார். உதவி கேட்டு வந்த முதல் நாளைத் தவிர அவர் அந்த றோட்டை எனக்காகக் கடந்தது இல்லை. நான்தான் எப்போதும் போவேன். பிள்ளைகள் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு அவரைச் சுற்றிப் போனார்கள்.

“போனனீங்களாம். என்ன சொன்னவ?”

ஒரு எழுத்தாளராக அந்த இடத்தில் எதையும் கூட்டவோ குறைக்கவோ எனக்கு அதிகாரம் இருந்தது. பொன்மலர் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னேன். வரிசையில் நின்றதையும், தாய் சிரித்ததையும், நடக்காததை எழுதாதே என்றதையும், பஸ் ஏறியதையும்.

வரிசையைப் பற்றிச் சொன்னபோது அவர் கண்ணை மூடினார். மற்றதெல்லாம் கேட்டபடி நின்றார். “இன்னும் நடக்கேல்லையாம்,” என்று மெதுவாகத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். கடைசிப் பிள்ளையும் போய், பெல்லடிக்கிற அம்மா கதவுகளைச் சாத்தத் தொடங்கினார்.

“அச்சுவேலி பஸ் எதிலை ஏறுறது, ரீச்சர்?”

நாற்பது வருடம் வாகனம் வந்து ஏற்றிப்போன ஆள். எந்தச் சந்தியில் நிற்கவேண்டும், எங்கே இறங்கவேண்டும், இறங்கியபிறகு எவ்வளவு தூரம் நடக்கவேண்டியிருக்கும் என்று சொன்னேன். அந்த நடை அவருக்கு ஏலுமா என்று கேட்க வாயெடுத்து, விட்டுவிட்டேன். அவர் நன்றி சொல்லிவிட்டு றோட்டைக் கடந்தார்.

அடுத்த நாள் சனிக்கிழமை. எனக்குக் காலையிலிருந்து வகுப்பு. எங்கள் வகுப்பறை யன்னலால் பார்த்தால் எதிர்வீட்டுப் படலை நேரே தெரியும். மேசையை மற்றப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, யன்னலுக்கு முதுகைக் காட்டியபடி படிப்பித்தேன். ஒரு தரம் படலை கிறீச்சிட்டதுபோல இருந்தது. காற்றாகவும் இருக்கலாம். நான் திரும்பவில்லை, பொன்மலருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நீங்கள் வாக்குக் கொடுக்கவில்லை. நீங்கள் பார்க்கலாம். பார்த்துவிட்டு எனக்குச் சொல்லவேண்டாம்.